28,320 ரூபாய் மெடிக்கல் கோடிங் வகுப்பு: உட்கார்ந்து படித்தவள் எழுதுவது

மெடிக்கல் கோடிங் படிக்கலாமா, எந்த இன்ஸ்டிட்யூட் நல்லது என்று வாரத்துக்கு ஒருத்தராவது என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் காலேஜ் ஜூனியர்கள், பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்பவர்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டுத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் நான் படித்த இடத்தைப் பற்றி மட்டும், பட்டதைப் பட்டபடி எழுதிவிடுகிறேன். பெயர் போடவில்லை. ஒரே பெயரில் நாலு கிளை வைத்திருக்கிறார்கள், கிளைக்குக் கிளை வாத்தியார் வேறு. போர்டில் இருக்கும் பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அதற்கு முன் மூன்று வருஷம் விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ப்ரீ-ஆத், அதாவது சிகிச்சைக்கான முன் அனுமதி போடுவது, தனியார் பாலிசிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் க்ளெய்மைப் பார்க்கும் டிபிஏ-வோடு மல்லுக்கட்டுவது, காலையில் டிஸ்சார்ஜ் எழுதிய நோயாளி சாயங்காலம் வரை பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது திட்டு வாங்குவது, இதுதான் வேலை. அங்கேதான் ஒரு விஷயம் புரிந்தது. டாக்டர் எவ்வளவு நல்ல வைத்தியம் பார்த்தாலும், பேப்பரில் சரியாக எழுதப்படாதது பணமாக மாறாது. ‘ஃபீவர் அண்டர் எவால்யுவேஷன்’, அதாவது காய்ச்சல், காரணம் இன்னும் தெரியவில்லை என்று எழுதி அனுப்பிய ஃபைல் மூன்று முறை திரும்பி வந்த கதையெல்லாம் உண்டு. கோடிங் அதே வேலையின் அமெரிக்க அவதாரம். அங்கே டாக்டர் எழுதிய குறிப்பை நோய்க்கு ஒரு குறியீடு, செய்த சிகிச்சைக்கு ஒரு குறியீடு என்று மாற்றி அனுப்பினால்தான் இன்ஷூரன்ஸ் பணம் தரும். நோய்க்கு ஐசிடி-10-சிஎம் என்ற குறியீட்டுத் தொகுப்பு. சிகிச்சைக்கு சிபிடி. அந்த மாற்றுகிற வேலையில் கணிசமான பகுதி சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் நடக்கிறது.

சரி, வகுப்புக்கு வருவோம்.

மெட்ரோவில் இறங்கி ஐந்து நிமிட நடை. கீழே ஸ்வீட் ஸ்டால், இரண்டாம் மாடியில் கிளாஸ். படியேறும்போதே மைசூர்பாகு வாசனை தூக்கும். ஹாஸ்டலில் டிபன் சாப்பிடாமல் வருகிறவர்களுக்குப் பெரிய சோதனை. வரவேற்பில் ஏசி, கண்ணாடி மேஜை, சுவர் முழுக்க ஃபிளெக்ஸ். வேலை கிடைத்தவர்களின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள், மேலே கொட்டை எழுத்தில் ‘100% பிளேஸ்மென்ட்’. நான் விசாரிக்கப் போன அன்று, “லாஸ்ட் டூ சீட்ஸ்தான் மேம் இருக்கு” என்றார் அந்தப் பெண். பேட்ச் ஆரம்பித்த அன்று எண்ணிப் பார்த்தேன். நாங்கள் 22 பேர், காலி நாற்காலி எட்டு.

கட்டணம் 24,000 என்றார்கள். பில் வந்தபோது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 28,320. “அதெல்லாம் எல்லா இடத்துலயும் உண்டு மேம்” என்றார். உண்டுதான், ஆனால் போனில் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். இரண்டு தவணை. முதல் தவணைக்கு அப்பா கொடுத்தார், இரண்டாவதுக்கு என் கம்மல் போனது. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’, அதாவது வேலை தேட உதவி மட்டும் என்று போட்டிருந்ததை மூன்று மாதம் கழித்துத்தான் படித்தேன். ஃபிளெக்ஸில் வேறு, ரசீதில் வேறு. இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் மூன்று வருஷம் பாலிசியின் பொடி எழுத்தைப் படித்தவள் நான். என்னத்தைச் சொல்ல.

முதல் மூன்று வாரம் உடற்கூறும் மருத்துவச் சொற்களும். பேட்ச்சில் பிசியோதெரபி படித்தவர்கள் இருந்தார்கள், இரண்டு பல் டாக்டர்கள், நர்ஸிங் முடித்தவர்கள், பயோடெக் கும்பல் ஒன்று, எதற்கு வந்தான் என்றே தெரியாத ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர். அவன்தான் கடைசியில் எல்லாரையும்விட நன்றாகப் படித்தான், அது வேறு விஷயம்.

பாடம் எடுத்தவர் நாற்பதைத் தாண்டிய ஒரு மேம். பல வருஷம் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். இந்த ரிவ்யூவில் ஏதாவது நட்சத்திரம் கொடுக்கிறேன் என்றால் அது முழுக்க அவருக்குத்தான். பவர்பாயிண்டை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. போர்டில் எலும்பை வரைவார், அதுவும் சுமாராகத்தான் வரைவார். “எக்டமின்னா எடுத்துப் போடுறது. ஒட்டமின்னா திறந்து பாக்குறது. ஆஸ்டமின்னா வாசல் வெக்கிறது. அவ்ளோதான், ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி மூணு தடவ சொல்லு.” அப்பெண்டெக்டமி, லேப்பரோட்டமி, கொலாஸ்டமி மூன்றும் அன்றிலிருந்து எனக்குக் குழம்பியதே இல்லை.

ஐசிடி புத்தகத்தில் ‘எக்ஸ்க்ளூட்ஸ் 1’, ‘எக்ஸ்க்ளூட்ஸ் 2’ என்று இரண்டு வகைக் குறிப்புகள் வரும். புதிதாக வருகிறவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு விழும் இடம் அது. மேம் சொன்னது: “எக்ஸ்க்ளூட்ஸ் ஒன், சண்ட போட்ட சம்பந்தி. ரெண்டு பேரையும் ஒரே கல்யாணத்துக்குக் கூப்பிடவே கூடாது. எக்ஸ்க்ளூட்ஸ் டூ, வேற வேற பந்தில உக்காருவாங்க, ஆனா ரெண்டு பேரும் வரலாம்.” அதாவது முதல் வகையில் இரண்டு குறியீட்டையும் சேர்த்துப் போடக்கூடாது. இரண்டாவது வகையில் நோயாளிக்கு இரண்டு கோளாறும் இருந்தால் இரண்டையும் போடலாம். முதல் வகைக்குச் சில விதிவிலக்குகளும் உண்டு, அதையும் சொல்லிக்கொடுத்தார். சம்பந்தி ராசியாகிவிட்டால் என்ன செய்வது என்று இன்ஜினியர் கேட்டபோது வகுப்பே சிரித்தது. “அதுக்குத்தான் விதிவிலக்கு” என்றார் மேம்.

ஒரு நாள் முழுக்க ஒரே ஒரு சார்ட்டை, அதாவது ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பை எடுத்தார். அறுபதைத் தாண்டிய அமெரிக்க அம்மா, வீட்டு டிரைவ்வேயில் ஐஸில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் காலிஸ் ஃபிராக்சர் என்ற எலும்பு முறிவு, தோல் கிழியவில்லை. டாக்டர் எலும்பை இழுத்து நேராக்கிக் கட்டுப் போட்டார். எங்களில் பாதிப் பேருக்கு முதல் சந்தேகமே டிரைவ்வே என்றால் என்ன என்பதுதான். ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரை கார் வருகிற பாதை என்று போர்டில் வரைந்து காட்டினார். “உங்க ஊர்ல பாத்ரூம்ல வழுக்குறாங்க, அவங்க ஊர்ல பனில வழுக்குறாங்க, ரெண்டுக்கும் வேற வேற கோட்.” உடைந்த எலும்புக்கு எஸ்52.531ஏ. அதில் 1 என்ற எண் வலது கையைச் சொல்கிறது, இடது என்றால் 2. பனியில் விழுந்ததற்கு டபிள்யூ00.0 எழுதி, காலியாக இருக்கும் இரண்டு இடத்தை எக்ஸ் போட்டு நிரப்பி, கடைசியில் ஏ. விழுந்த இடம் தனி வீட்டின் டிரைவ்வே என்பதற்கே ஒய்92.014 என்று ஒரு குறியீடு இருக்கிறது. எலும்பை நேராக்கியதற்கு சிபிடி 25605, நேராக்காமல் கட்டு மட்டும் போட்டிருந்தால் 25600. டாக்டர் குறிப்பில் ‘ரிடக்‌ஷன்’ என்ற, எலும்பை நேராக்கியதைச் சொல்லும் ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் பணம் மாறுகிறது.

அந்தக் கடைசி எழுத்து ஏ-வுக்கு மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். புத்தகத்தில் ‘இனிஷியல் என்கவுன்டர்’ என்று இருப்பதால் எல்லாரும் முதல் தடவை டாக்டரைப் பார்ப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. காயத்துக்கு நேரடியாக வைத்தியம் நடக்கிற காலம் முழுக்க ஏ-தான், மூன்றாவது டாக்டரிடம் போனாலும் ஏ-தான். வைத்தியம் முடிந்து ஆறுகிற காலத்தில் கட்டு மாற்ற, எக்ஸ்ரே பார்க்க வந்தால் டி. எல்லாம் ஆறி, பழைய காயத்தின் விளைவாக வேறு தொந்தரவு வந்தால் எஸ். பிறகு நான் போன இன்டர்வியூக்கள் மூன்றிலும் இந்தக் கேள்வி வந்தது.

டீ குடிக்கிற நேரத்தில் பழைய கதை சொல்வார். அமெரிக்கா 2015 அக்டோபர் 1-ஆம் தேதி ஐசிடி-9-ஐ விட்டுப் புதியதற்கு மாறியது. ஏறத்தாழ 14,000-ஆக இருந்த நோய்க் குறியீடுகள் 70,000-ஐ ஒட்டிப் போயின. “250.00-ன்னா சுகர். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஒரே ராத்திரில அத்தனையும் குப்ப. மறுநாள்லருந்து ஈ11.9.” அதைச் சொல்லும்போது ஏதோ சொந்த வீட்டை இடித்த மாதிரி ஒரு முகம்.

இனி புகார்கள்.

இரண்டாம் மாதக் கடைசியில் மேம் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் வந்த பையன் போன பேட்ச்சில் படித்தவன். நல்ல பையன்தான், ஆனால் ஸ்லைடை அப்படியே வாசிப்பான். கேள்வி கேட்டால் “நாளைக்குச் சொல்றேன் அக்கா” என்பான். நாளைக்கும் அதையே சொல்வான். சிபிடியில் முக்கியமான பகுதி, அதாவது டாக்டர் நோயாளியைப் பார்த்துப் பேசிப் பரிசோதிப்பதற்கான இ அண்ட் எம் குறியீடுகள், முழுக்க அவன் கையில் போனது.

புத்தகம் அடுத்த கூத்து. கட்டணத்தில் புத்தகமும் சேர்த்தி என்றார்கள். கொடுத்தது ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ். சிபிடி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் காப்புரிமை உள்ள புத்தகம், ஜெராக்ஸ் எடுத்து விற்பது சரியா தப்பா என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட, சிபிடி ஒவ்வொரு ஜனவரியிலும் மாறுகிறது, ஐசிடி-10-சிஎம் ஒவ்வொரு அக்டோபரிலும் மாறுகிறது. பழைய ஜெராக்ஸை வைத்துக்கொண்டு படிப்பது போன வருஷப் பஞ்சாங்கத்தை வைத்து முகூர்த்தம் பார்ப்பது போலத்தான்.

என் விஷயத்தில் முகூர்த்தம் தவறியே போனது. முதல் இன்டர்வியூ கிண்டியில். அனாடமி டெஸ்ட் நன்றாகவே எழுதினேன். நேரில் கேட்ட அம்மா, “புதுப் பேஷண்ட், ஆஃபீஸ் விசிட், இருக்கறதுலயே கம்மியான லெவல் எது?” என்றார். நோட்ஸில் இருந்ததை டக்கென்று சொன்னேன்: 99201. அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அத 2021-லயே எடுத்துட்டாங்களேம்மா. எங்க படிச்ச?” உண்மைதான். அந்த வருஷம் ஜனவரி 1 முதல் 99201 நீக்கப்பட்டுவிட்டது. அதோடு ஆஃபீஸ் விசிட்டுக்கு லெவல் தீர்மானிக்கிற முறையும் மாறி, டாக்டர் எடுத்த மருத்துவ முடிவின் கனம் அல்லது செலவழித்த நேரம் என்றாகிவிட்டது. எங்கள் நோட்ஸ் இன்னும் நோயாளி சொன்ன ஹிஸ்டரியில் எத்தனை பாயிண்ட், உடல் பரிசோதனையில் எத்தனை பாயிண்ட் என்று எண்ணிக்கொண்டிருந்தது. அன்று கிண்டி ஸ்டேஷனில் மூன்று ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஓனர் சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பேசிக் தெரிஞ்சா போதும்மா, மீதி கம்பெனில டிரெய்னிங் குடுப்பாங்க” என்றார். பேசிக்கிலேயே ஓட்டை என்பதுதானே என் புகார்.

பிளேஸ்மென்ட் என்று அவர்கள் சொன்னது ஒரு வாட்ஸ்அப் குரூப். தினமும் காலையில் வாக்-இன் விவரங்கள் வரும். அதே விவரம் வேலை தேடும் ஆப்களில் முந்தின நாளே வந்திருக்கும். மூன்று அழைப்புகளில் ஒன்றாவது ஏஆர் காலிங்குக்கு இருக்கும். அது வேறு வேலை. அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு ஏன் பணம் வரவில்லை என்று கேட்பது, ராத்திரி ஷிஃப்ட். ஆங்கிலம் சரளமாக வருகிறவர்களுக்கு அதில் ஆரம்பச் சம்பளமே பரவாயில்லை, என் ரூம்மேட் சந்தோஷமாகத்தான் பார்க்கிறாள். ஆனால் கோடிங் படிக்க வந்தவளிடம் அதைக் காட்டி ‘பிளேஸ்மென்ட் கொடுத்தாச்சு’ என்று கணக்கு எழுதுவது நியாயமில்லை.

வகுப்பு முடிந்த பின் நான் செய்ததைச் சொல்கிறேன், ஜூனியர்கள் இதைக் கவனியுங்கள். ஐசிடி-10-சிஎம் அதிகாரபூர்வ வழிகாட்டி விதிகள் அமெரிக்க அரசின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, நூற்றுச் சொச்சம் பக்கம். வகுப்பில் யாரும் இதைச் சொல்லவில்லை, மேம் மட்டும் ஒருமுறை சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை. ஒரு மாதம் தினமும் ஐந்து பக்கம் படித்தேன். ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று டாக்டர் எழுதியதை வெளிநோயாளிக்கு நோயாகப் போடக்கூடாது, அறிகுறியைத்தான் போட வேண்டும். உள்நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அதே சந்தேகம் நீடித்தால் ஆஸ்பத்திரி கணக்கில் நோய் இருப்பதாகவே போடலாம். இப்படி ஒரு விதி இருக்கிறது என்று தெரிந்ததும் விழுப்புரத்து ‘அண்டர் எவால்யுவேஷன்’ ஃபைல்கள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

மூன்றாவது இன்டர்வியூவில் வேலை கிடைத்தது. முதலில் கையில் வந்த சம்பளம் 15,800. ஹாஸ்டலுக்கு 6,500 போக மீதியில் கம்மலை மீட்க ஏழு மாதம் ஆயிற்று. வேலை பகல் ஷிஃப்ட், ஏசி. போன், பேனா, பேப்பர் எதுவும் உள்ளே கொண்டுபோகக்கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும். நோயாளியின் விவரம் வெளியே போகக்கூடாது என்று 1996-லிருந்தே அவர்களுக்கு ஹிப்பா சட்டம் இருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட், அதில் 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் கழுத்து வலியும் கண் எரிச்சலுமாகப் போனது. சாஃப்ட்வேரே குறியீட்டைப் பரிந்துரைக்கிறது, நாங்கள் சரிபார்க்கிறோம். இதனால் வேலை போகுமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். வெறுமனே தேடி எழுதுகிற வேலை குறையத்தான் செய்கிறது. அதன் தப்பைப் பிடிக்கிற அளவு விதி தெரிந்தவர்களுக்கு இப்போதைக்கு இடம் இருக்கிறது.

வகுப்பில் கொடுத்த சர்ட்டிஃபிகேட்டை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்பது சிபிசி போன்ற தேர்வைத்தான், ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு நடத்துவது. 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ், புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். திறந்து வைத்தும் நேரம் போதாது என்பதுதான் அதன் குணம். அனுபவம் இல்லாமல் பாஸ் செய்தால் பட்டத்தின் பின்னால் ‘ஏ’ என்று ஒட்டிக்கொண்டு வரும், அப்ரெண்டிஸ் என்று அர்த்தம். இரண்டு வருஷ வேலை அனுபவத்தைக் காட்டினால் அதை எடுத்துவிடுவார்கள். இந்தத் தேர்வுக் கட்டணமும் அசல் புத்தகங்களும் 28,320-க்கு வெளியே. இதையும் சேருவதற்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. நானும் ரூம்மேட்டின் தோழி ஒருத்தியும் அடுத்த தடவை எழுதுகிறோம்.

ஆக மதிப்பெண். முதல் இரண்டு மாதத்துக்கு ஐந்துக்கு ஐந்து. மூன்றாவது மாதத்துக்கு ஒன்று, அதுவும் அந்தப் பையன் ஒரு நாள் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்ததற்காக. பிளேஸ்மென்ட்டுக்குப் பூஜ்யம். பாத்ரூமில் தண்ணீர் வரும், ஏசி வேலை செய்யும், அதில் குறையில்லை. சேருவதாக இருந்தால் டெமோவை விடுங்கள், நடக்கிற பேட்ச்சின் ஒரு முழு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். நோட்ஸை வாங்கி 99201 இருக்கிறதா என்று பாருங்கள். யார் பாடம் எடுப்பார், கடைசி வரை அவரே இருப்பாரா என்று எழுதிக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

வேலை கிடைத்த மறுவாரமே ஓனர் சார் போன் செய்து ஃபிளெக்ஸுக்குப் போட்டோ கேட்டார். “போட்டோ தரேன் சார், அந்த நோட்ஸ மட்டும் மாத்திடுங்க” என்றேன். “கண்டிப்பாம்மா” என்றார். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஜூனியர் ஒருத்தி இரண்டு படம் அனுப்பினாள். ஒன்றில் ஃபிளெக்ஸில் மூன்றாவது வரிசையில் நான், கொஞ்சம் வெளிறிப்போய். இன்னொன்று நோட்ஸின் 41-ஆம் பக்கம், “அக்கா, இதுல குறைஞ்ச லெவல் 99201-ன்னு இருக்கு, சரியா?” என்ற கேள்வியோடு. அடித்துவிட்டு 99202 என்று எழுதிக்கொள், நேரக் கணக்கென்றால் குறைந்தது 15 நிமிடம் என்று பதில் போட்டேன். வழிகாட்டி விதிகளின் பிடிஎஃப்பையும் கூடவே அனுப்பினேன்.